இரண்டு காலும் தரையில்

என் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். சுகாதார நிலையத்தில் முகத்துக்கு நேரே என் பெயர் ‘சிஸ்டர்’, முதுகுக்குப் பின்னால் ‘முக்கால்’. முழு ஆளில் முக்கால் பங்கு என்று கணக்கு. அந்தப் பெயரை வைத்தவர் வாட்ச்மேன். அவருக்கு ஊசி என்று வந்தால் போடுவது நான்தான் என்பதை அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பிரசவ மேசைக்குக் கீழே எனக்காக ஒரு மரப்பலகை கிடக்கும். அதைக் காலால் இழுத்துப் போட்டு ஏறி நின்றால்தான் என் கைக்கு வேலை ஓடும். உலகத்தில் எல்லாப் பொருளையும் ஐந்தரை அடி ஆளுக்கென்றே செய்கிறார்கள், மீதிப் பேர் பலகை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஏதாவது ஒன்று எனக்கு எட்டவில்லை என்றால் எனக்கு வருத்தம் வராது, கோபம்தான் வரும். நடந்ததற்கெல்லாம் அந்தக் கோபமும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மலைமேல் இருந்தாள். அவள் கணவர் மின்கோபுரங்களைப் பார்த்துக்கொள்ளும் லைன் காவலர். மேலே ஒரு கோபுரத்தின் அடியில் இரண்டு குடும்பங்களுக்குக் குடியிருப்பு, ஆளுக்கு இரண்டு அறை, பொதுவில் ஓர் இலாகா தொலைபேசி. அங்கிருந்து என் சுகாதார நிலையத்துக்குப் பதினொரு கிலோமீட்டர். போன மழையில் அதில் ஆறு கிலோமீட்டர் பாதை சரிந்துவிட்டது. ஜீப் போகாது. நடந்தால் மூன்று மணி நேரம்.

தங்கைக்கு அது மூன்றாவது கர்ப்பம். முதலாவது ஏழாம் மாதத்தில், கீழே கொண்டுவரும் ஜீப்பிலேயே முடிந்தது. இரண்டாவதும் அப்படித்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள், பாதி வழியில் வலி எடுத்தது, என் மேசைக்கு வந்து சேரும்போது வயிற்றில் துடிப்பு இல்லை. இரண்டுக்கும் படிவம் எழுதியது நான். மூன்றாவது தங்கியதும் டாக்டர் ‘அசையக் கூடாது’ என்றார். எட்டாம் மாதம் நெருங்கியதும் ‘ஆள் வைத்துப் பக்குவமாகத் தூக்கி வந்துவிடலாம்’ என்றார். தங்கை தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பாதையில நான் இறங்க மாட்டேன்க்கா. ரெண்டு தடவை இறங்கினேன். ரெண்டு தடவையும் வெறுங்கையோட ஏறினேன். நீ மேல வா.”

“எனக்கு லீவு முப்பத்தஞ்சாவது வாரத்துலதான்டி ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி வலி வந்துட்டா?”

“முன்னாடி வந்தா, நீயும் முன்னாடி வா.”

அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை. நிலையத்துக்கு நான் ஒருத்திதான் செவிலி, நினைத்த நேரத்துக்கு விட்டுவிட்டுப் போக முடியாது. ஆக, விடுப்பு தொடங்கும்வரை நான் கீழே, அவள் மேலே. நடுவில் அழைப்பு வந்தால் மூன்று மணி நேரத்தை முக்கால் மணி நேரமாகச் சுருக்க எனக்கு ஒரு வண்டி வேண்டும். மாப்பிள்ளை தன் மலை வண்டியில் வந்து அழைத்துப் போகலாமே என்றால், அவர் இறங்கி ஏறும் ஒன்றரை மணி நேரமும் அவள் தனியாகக் கிடக்க வேண்டும். அதனால்தான் நாற்பத்தோரு வயதில், ஸ்கூட்டரைத் தவிர எதையும் தொட்டிராத நான், கல்லிலும் மண்ணிலும் ஏறும் மோட்டார் சைக்கிள் தேடிக் கிளம்பினேன். ஏழு வாரம் கையில் இருந்தது.

முதலில் மாப்பிள்ளைதான் கை கொடுக்கப் பார்த்தார். “அண்ணி, என் வண்டியை உங்ககிட்ட விட்டுட்டு நான் நடந்து ஏறிடறேன். எனக்கு நடந்து பழக்கம்தான்” என்றார். நல்ல மனிதர், என்ன, கொஞ்சம் சத்தமில்லாத மனிதர். அவருடையது லைன் வேலைக்கென்று இலாகா கொடுத்த உயரமான மலை வண்டி. இருக்கை முப்பத்தேழு அங்குலத்தில் இருந்தது, அதாவது என் தொப்புளுக்கு மேலே. நிலைய வாசலில் என் பலகையைக் கொண்டுவந்து போட்டு ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் காற்றில் தொங்கின. மாப்பிள்ளை கைப்பிடியிலிருந்து கையை எடுத்ததும் வண்டி சாய்ந்தது, நானும் சாய்ந்தேன், வண்டி என் மேல் படுத்துக்கொண்டது. மருந்துக்கு வரிசையில் நின்ற முப்பது பேரும் பார்த்தார்கள். வாட்ச்மேன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். முட்டியில் ரத்தம் வந்ததைவிட அந்த இருமல்தான் எனக்கு வலித்தது.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறி நகரத்து ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடி போலத் துடைத்த தரை, குளிரூட்டிய காற்று, தலைமுடியில் எண்ணெய் மாதிரி எதையோ பூசி நிறுத்தியிருந்த ஒரு விற்பனையாளர்.

“லேடீஸுக்குன்னே லோ சீட் மாடல் இருக்கு மேடம். முப்பத்தோரு இஞ்ச்தான். உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தேன். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தன. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்திருந்தார்கள். அதில் முழு ஆளாக ஒரு பொம்பளை வண்டி மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிடம் எனக்கே என்னைப் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிய பிறகுதான் எடையைக் கேட்டேன். நூற்றுத் தொண்ணூறு கிலோ என்றார்.

“இதைக் கீழ படுக்க வைங்க. நான் தூக்கிப் பாக்கறேன்” என்றேன்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. மெத்தை விரித்து, இரண்டு பேராகப் பிடித்துப் படுக்க வைத்தார்கள். நான் குனிந்தேன், முதுகைக் கொடுத்தேன், பல்லைக் கடித்தேன். வண்டி அப்படியே கிடந்தது.

“கீழ விழாம ஓட்டிட்டீங்கன்னா இந்தப் பிரச்சினையே வராது மேடம்.”

“நோயே வராம பாத்துக்கிட்டா நானும் வீட்டுல படுத்துத் தூங்கலாம் தம்பி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்குப் புத்தி இருந்தது. அது நிலைத்திருக்கக் கூடாதா.

கடைசியில் வண்டி கிடைத்தது எங்கள் ஊர் மெக்கானிக்கிடம். அவளும் பெண்தான். ஐந்தடி பத்து அங்குலம், ஏணி என்று கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பிரசவம் பார்த்தது நான். தகரக் கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒரு சிறிய மலை வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். மெலிந்த உடம்பு, பழைய வண்டி, எடை நூற்றுப் பத்துக் கிலோதான். சாய்த்துப் போட்டாள். முதல் தடவையிலேயே தூக்கி நிறுத்தினேன். ஆனால் இருக்கை முப்பத்து மூன்று அங்குலம். ஏறி உட்கார்ந்தால் நுனி விரல் தரையைத் தடவியது, அவ்வளவுதான்.

“ரெண்டு காலையும் ஒண்ணா ஊன நினைக்காதீங்க சிஸ்டர்” என்றாள் ஏணி. “நிக்கணும்னா இருக்கையில ஒரு பக்கமா நகர்ந்து சரிஞ்சு உக்காருங்க. ஒரு காலு நல்லா பதியும். அது போதும். எங்க நிக்கணும்கிறதை முன்னாடியே பாத்து வச்சுக்கணும். மேடான பக்கமா, கல்லு இருக்கிற பக்கமா நிறுத்தணும். பெட்டியும் நீங்களும் ஏறினா வண்டியும் ஒரு இஞ்ச் இறங்கிக் கொடுக்கும்.”

பத்து நாள் கொட்டகைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் சொல்லிக் கொடுத்தாள். ஓடும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. நிற்கும்போதுதான் உயிர் போனது. ஒரு பக்கம் சரிந்து ஒற்றைக் கால் நீளும் அந்த நொடியில், தரை வருமா வராதா என்று கைப்பிடியைப் பிடித்து நெரிப்பேன். ஒன்பது தடவை விழுந்தேன். பதினோராவது நாள் நிலைய வாசலில், வாட்ச்மேன் முன்னாலேயே பத்தாவது தடவை விழுந்தேன். எழுந்து நேராக ஏணியிடம் போனேன்.

“வண்டியை இறக்கு.”

“எதை இறக்க?”

“பின்னாடி சஸ்பென்ஷனை இறக்கு, முன்னாடி ஃபோர்க்கை மேல ஏத்தி மூக்கைத் தாழ்த்து, சீட்டுல ஸ்பாஞ்சை வெட்டு. எனக்கு ரெண்டு காலும் தரையில இருக்கணும்.”

ஏணி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். “அப்படி இறக்கினா என்ஜினோட அடிவயிறும் சேந்து இறங்கும் சிஸ்டர். இப்ப தரைக்கும் அதுக்கும் பதினோரு இஞ்ச் இருக்கு, எட்டாயிடும். அந்தப் பாதையில ஒரு கல்லுப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இந்த வண்டிக்கு அந்த உயரத்தை வச்சது உங்களைக் கஷ்டப்படுத்த இல்ல, கல்லைத் தாண்டத்தான்.”

“உனக்கு என்ன, நின்னா கொடிக்கம்பம். என் பயம் உனக்கு எப்படித் தெரியும்?”

“நிக்கிறதுக்கா சிஸ்டர் வண்டி வாங்கறீங்க?”

பதில் இல்லாதபோது நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன், குரலை உயர்த்தினேன். உயரமானவர்கள் எல்லாருக்கும் குட்டையானவர்களுக்குப் புத்தி சொல்வது ஒரு பொழுதுபோக்கு என்றேன். உன் பிள்ளை தலை திரும்பாமல் கிடந்தபோது நான் உன்னிடம் யோசனை கேட்டேனா என்றேன். அது சொல்லக் கூடாத வார்த்தை. அவள் ஸ்பானரைத் திரும்பக் கையில் எடுத்தாள். இரண்டு நாளில் வண்டியை இறக்கிக் கொடுத்தாள், என்ஜினுக்கு அடியில் ஒரு தகடு மட்டும் கேட்காமலேயே அடித்திருந்தாள்.

இரண்டு காலும் தரையில் பதிந்தன. அதன் பிறகு நான் விழவே இல்லை. வாட்ச்மேன் இருமுவதை நிறுத்திவிட்டார். ஏணி முன்னால் போக, நான் பின்னால் இரண்டு தடவை மலை ஏறி இறங்கினேன். கல்லுப்படி இருக்கும் இடத்தில் ஓரமாக ஒரு மண் சரிவு இருந்தது, அதில் சுற்றிப் போய்விட்டோம். இரண்டாவது தடவை அந்தச் சரிவிலேயே அடியில் கர்ரென்று ஒரு சத்தம்.

ஏணி திரும்பிப் பார்த்தாள். “கேட்டுச்சா?”

“சும்மா உரசல்” என்றேன்.

மேலே தங்கை கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாக நான் வண்டியில் வந்து நிற்பதைப் பார்த்தாள். கால் இரண்டையும் ஊன்றி ராஜா மாதிரி நின்றேன். அவள் கை தட்டினாள். “போதும்க்கா, இனிமே எனக்குப் பயம் இல்ல” என்றாள். அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். குழந்தை நல்ல இடத்தில், நல்ல கனத்தில் இருந்தது. துடிப்பு குதிரை ஓட்டம். திரும்பி இறங்கும்போது நான் பாடிக்கொண்டே வந்தேன் என்று ஏணி இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு அது நினைவில் இல்லை.

விடுப்பு தொடங்க ஆறு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. தடுப்பூசி போடும் நாள், தாழ்வாரம் முழுக்கக் குழந்தைகளின் அழுகை. தொலைபேசியில் மாப்பிள்ளை.

“அண்ணி, தண்ணி உடைஞ்சிடுச்சு. வலியும் இருக்கு.”

“எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை?”

“எட்டு. பக்கத்து வீட்டுக்காரங்க லீவுல கீழ போயிருக்காங்க. நாங்க ரெண்டு பேரும்தான்.”

“முக்கால் மணி நேரத்துல அங்க இருப்பேன். அவளை விட்டு நகராதீங்க.”

அந்த முக்கால் மணி நேரம் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது. ஊசிகளை உதவியாளரிடம் விட்டேன். பிரசவப் பெட்டியை வண்டியில் கட்டினேன். பன்னிரண்டு கிலோ. கையுறை, கத்தரி, ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி, குழந்தைக்குக் காற்று கொடுக்கும் பலூன் பை, சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். முப்பத்து நான்கு வாரக் குழந்தை. முதல் பத்து நிமிடம் பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருத்தி இருந்தால் பிழைத்துக்கொள்ளும். அப்படிப் பிழைத்தவை இந்த ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கின்றன.

முதல் ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு. அதைத் தாண்டி மண்பாதையில் ஏறும்போது மணி பத்து ஐம்பத்தெட்டு. முந்தைய இரண்டு நாளும் மழை பெய்திருந்தது. வண்டி நன்றாகத்தான் ஏறியது. ஒன்றரை கிலோமீட்டர் போனதும் கல்லுப்படி வந்தது. ஓரத்தில் இருந்த மண் சரிவைக் காணோம். மழை அதை வழித்துக்கொண்டு போய்விட்டது. பாதையின் அகலம் முழுக்க அந்தப் படிதான், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மூக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

இறங்கித் தள்ளலாமா என்று யோசித்தேன். பெட்டியோடு என்னால் முடியாது. ஏணி சொல்லிக் கொடுத்தபடி எழுந்து நின்று, முன் சக்கரத்தைத் தூக்கி, முறுக்கினேன். முன் சக்கரம் ஏறிவிட்டது. அப்போது அடியில் ஒரு சத்தம். உரசல் இல்லை, இடி. வண்டி நடுவயிற்றில் கல்லின் மேல் உட்கார்ந்தது. நான் பைத்தியம் பிடித்தவள் போல முறுக்கினேன். பின் சக்கரம் கல்லைக் கடித்து, மூன்றாவது முறுக்கில் வண்டி மேலே குதித்தது. எனக்குக் கத்தத் தோன்றியது, தாண்டிவிட்டேன் என்று.

இருநூறு அடி போயிருப்பேன், காலில் சூடாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். எண்ணெய். திரும்பிப் பார்த்தால் பாதை நெடுக ஒரு கறுப்புக் கோடு. ஏணி அடித்த தகடு மடங்கி, எண்ணெய் வடிக்கும் நட்டைச் சுற்றி என்ஜின் பிளந்திருந்தது. மூன்று அங்குல இடைவெளி. நான் கேட்டு வாங்கிக் குறைத்த அதே மூன்று அங்குலம்.

கட்டுத் துணியை எடுத்துப் பிளவில் திணித்தேன். பெட்டியில் இருந்த பிளாஸ்டர் முழுவதையும் சுற்றினேன். மனிதத் தோலில் ஒட்டும் பிளாஸ்டர் எண்ணெயில் ஒட்டுமா. இருந்தாலும் ஓட்டினேன். போ, போ, இன்னும் கொஞ்சம், என்று வண்டியைக் கெஞ்சினேன். கால் மணி நேரத்துக்கு முன்னால் அதை அடக்கிய திமிர் எல்லாம் போய்விட்டது. எண்ணூறு மீட்டர் தாண்டியதும் உள்ளே இரும்பு இரும்பைப் பிடித்துக்கொண்டது. வண்டி நின்றது. இரண்டு காலையும் ஊன்றினேன். அழகாக நின்றேன், விழவே இல்லை. பாதையில் யாரும் இல்லை.

கைபேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. பதினொன்று முப்பத்தைந்து. மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரமே தாண்டிவிட்டது. இன்னும் மூன்றே முக்கால் கிலோமீட்டர் ஏற்றம். பெட்டியை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்று சொல்கிறேன், ஓட முயன்றேன் என்பதுதான் உண்மை. குட்டைக் காலுக்கு இரண்டு எட்டு வைத்தால்தான் மற்றவர்களின் ஒரு எட்டு. ஐம்பது எட்டு ஓட்டம், ஐம்பது எட்டு நடை. தோள் மாற்றும்போதெல்லாம் சிலிண்டரைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று நினைத்தேன், அதுதான் தேவைப்படப் போகிறது என்று திரும்பவும் இறுக்கிக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். முதலில் ஏணியைத் திட்டினேன், பிறகு மழையை, பிறகு வண்டிகள் செய்கிறவர்களை. கடைசியில் திட்ட ஆள் இல்லாமல் போனது.

ஒரு திருப்பத்தில் மேலிருந்து மாப்பிள்ளையின் வண்டிச் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த உயிர் திரும்பப் போனது.

“உங்களைக் காணோம் அண்ணி. மணி பன்னெண்டேகால் ஆனதும் கிளம்பிட்டேன். பாதையில எங்கயாவது விழுந்து கிடக்கறீங்களோன்னு...”

“அவ எங்க?”

“அவதான் போகச் சொன்னா. அக்காவைப் பாரு, அக்காவைக் கூட்டிட்டு வான்னு.”

“நகராதீங்கன்னு சொன்னேனே.”

அவர் வண்டியைத் திருப்பினார். பின்னால் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது, பலகை இல்லாமலேயே ஏறினேன். நான் பாழாக்கிய நேரத்தை அந்த உயரமான வண்டி கல்லுக்குக் கல் தாவி மீட்கப் பார்த்தது. பன்னிரண்டு நாற்பதுக்குக் குடியிருப்பின் வாசலில் நின்றோம்.

தங்கை கட்டிலில் இல்லை. தரையில், அலமாரியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடியில் தரை நனைந்திருந்தது. மாப்பிள்ளையின் சட்டை ஒன்றில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை. குழந்தையைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் குறையாது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது, அது அம்மாவின் சூடு.

கட்டிலில் போட்டுத் துடைத்தேன். பலூன் பையை வைத்து அழுத்தினேன். மார்பு எழுந்து இறங்கியது, நான் அழுத்தியதால் மட்டும். இரண்டு கட்டை விரலால் நெஞ்சை அமுக்கினேன். மூன்று அமுக்கு, ஒரு காற்று. மூன்று அமுக்கு, ஒரு காற்று. சிலிண்டரைத் திறந்தேன். நடுவில் ஓடிப்போய்த் தங்கையின் தொடையில் ஊசி போட்டேன், நச்சுக்கொடி வந்ததா என்று பார்த்தேன், ஓடி வந்தேன். மாப்பிள்ளையிடம் பையைக் கொடுத்து அழுத்தச் சொன்னேன். இருபத்தைந்து நிமிடம். இருபதிலேயே நிறுத்தச் சொல்லும் எங்கள் பாடம். ஐந்து நிமிடம் நான் செவிலியாக இல்லை.

நிறுத்தியதும் தங்கைதான் பேசினாள்.

“அழுதுச்சுக்கா.”

நான் திரும்பவில்லை.

“வந்தவுடனே மூணு தடவை அழுதுச்சு. மெதுவா, பூனைக்குட்டி மாதிரி. அப்புறம் மூச்சு மட்டும் விட்டுச்சு, விட்டு விட்டு. நான் முதுகைத் தேய்ச்சேன். நீ எப்பவோ போன்ல சொன்ன மாதிரி வாயைத் துடைச்சேன். அதுக்கு மேல என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலக்கா. உன்னைக் கூப்பிட்டேன். ரொம்பச் சத்தமாத்தான் கூப்பிட்டேன்.”

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். ரத்தப்போக்கு நின்றது, நாடி சீரானது, கழுவித் துடைத்துக் கட்டிலில் ஏற்றினோம். குழந்தையைக் குளிப்பாட்டி, கொண்டு வந்திருந்த புதுத் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் வைத்தேன். பிறகு இலாகா தொலைபேசியில் டாக்டரைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பெருமூச்சு விட்டார். “படிவத்துல இறந்து பிறந்ததுன்னு போட்டுடு மா.”

“அழுதிருக்கு டாக்டர்.”

“யார் கேட்டது?”

“அம்மா கேட்டிருக்கா.”

“நீ கேட்டியா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன. இறந்து பிறந்ததுன்னா ஒரு பக்கம், அதோட முடிஞ்சது. உயிரோட பிறந்து இறந்ததுன்னா நாலு பக்கம், விசாரணைக் குழு, செவிலியை எப்ப கூப்பிட்டாங்க, எப்ப வந்தா, ஏன் தாமதம்னு ஒவ்வொண்ணா கேப்பாங்க. உன் வேலைக்கே வந்து நிக்கும். யோசிச்சுக்கோ. அவளுக்கும் இதுதான் நல்லது, சீக்கிரம் மறந்துடுவா.”

அவர் கெட்டவர் இல்லை. என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். இருபத்திரண்டு வருஷச் சர்வீஸ் எனக்கு. பெட்டியின் மூடியில் இரண்டு படிவமும் இருந்தன. ஒரு பக்கத்துப் படிவத்தை உருவி எடுத்தேன். எடுத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பேனாவையும் திறந்தேன்.

தங்கை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் படிவம் தெரியும். இரண்டு தடவை பார்த்திருக்கிறாள்.

“அது வேண்டாம்க்கா” என்றாள். “அந்த ரெண்டுக்கும் நீ எழுதினது சரி. அதுங்க அழலை. இது அழுதுச்சு.”

நான் அந்தத் தாளைத் திரும்ப வைத்துவிட்டு நாலு பக்கத்தை எடுத்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பிறந்த நேரம் அவள் சொன்னாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள், பன்னிரண்டு பதினெட்டு. மூச்சு நின்ற நேரமும் அவள்தான் சொன்னாள். பதின்மூன்று நிமிடம் இருந்திருக்கிறது. பெயர் என்ற இடம் வந்தது. அவளைப் பார்த்தேன். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். ஒரு பெயர் சொன்னாள். எழுதினேன். அதை இங்கே சொல்ல மாட்டேன், அது அவர்களுடையது.

நான்காம் பக்கத்தில் ‘தாமதத்திற்கான காரணம்’ என்று ஒரு கட்டம். இரண்டு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். பாதை சரிவு என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பாதை சரிந்தது உண்மைதான்.

“என்னக்கா எழுதறே? வாசி.”

“வேண்டாம்டி. தூங்கு.”

“வாசி.”

எழுதியபடியே வாசித்தேன். “செவிலி ஒரு மணி பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தார். வந்த வண்டி இந்தப் பாதைக்கு ஏற்ற உயரத்தில் இருந்தது. கால் எட்டவில்லை என்பதற்காக, மெக்கானிக் வேண்டாம் என்று சொல்லியும், செவிலி அதை மூன்று அங்குலம் இறக்கிக்கொண்டார். அதனால் என்ஜின் கல்லில் இடித்து உடைந்தது. வேறு யாரும் காரணம் இல்லை.”

கட்டத்தைத் தாண்டி ஓரத்திலெல்லாம் எழுத்து வழிந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தேன். போய்விடு என்றால் போய்விடுவது, அறைந்தால் அறை வாங்குவது. அவள் குழந்தையின் நெற்றியில் துணியைச் சரி செய்துகொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

“முதல் பக்கத்துல முதல் வரி என்ன?”

தாளைத் திருப்பினேன். வாசித்தேன். “உயிருடன் பிறந்தது. பெண்.”

“இன்னொரு தடவை” என்றாள்.